அவள் டியூஷனை விட்டு நின்ற பிறகு

மந்தைவெளியில் எங்கள் வீட்டு ஹாலில் அப்பா கணக்கு டியூஷன் எடுப்பார். நான் பிளஸ் ஒன் படித்தபோது ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கணக்குப் போடுவாள். அவள் வராத நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

நானும் அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். தப்பாகப் போட்டால் அப்பா என் நோட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். “இவன் மண்டையில என்னதான் இருக்குன்னு யாராவது சொல்லுங்க.” மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் அவள் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அதை வைத்தே அவளுக்கும் என்மேல் விருப்பம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு போன் வாங்கித் தரவில்லை. அதனால் மூன்று பக்கக் கடிதம் எழுதி அவள் நோட்டுக்குள் செருகினேன். அடுத்த வாரம் முழுக்க அவள் வரவில்லை. அப்பாவிடமே கேட்டேன்.

“நான்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“போய்ப் படி.”

“உங்க மூஞ்சில முழிக்கவே பிடிக்கல” என்று கத்தினேன். அப்பா திரும்பி போர்டை அழித்தார்.

அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகே நான் உட்காருவேன். அரையாண்டில் கணக்கிலேயே ஃபெயில். பள்ளி விட்டதும் அவள் தெருவில் போய் நிற்பேன். செத்துப்போனால்கூடத் தேவலை என்று தோன்றிய நாட்கள் அவை.

கடைசியில் ஒருநாள் அவளே எதிரே வந்தாள்.

“அந்த லெட்டரை உங்கப்பாகிட்ட குடுத்தது நான்தான். எனக்குப் பயமா இருந்துச்சு. விஷயம் தெரிஞ்சதும் எங்கப்பா ஸ்கூல்ல கம்ப்ளெய்ன்ட் பண்றேன்னாரு. உங்கப்பா எங்க வீட்டுக்கு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, வேணாம்னு கெஞ்சினாரு. இனிமே இங்க வராதே, ப்ளீஸ்.”

வீடு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே அப்பா பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பு முடியும்வரை வாசலிலேயே நின்றேன். பிள்ளைகளை அனுப்ப வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

இப்போது வேளச்சேரியில் தனியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் அப்பாதான் எடுப்பார்.

“இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்” என்பார்.