பெரியம்மா போட்ட ஓட்டு

நம் வீட்டில் முதலில் ஓட்டுப் போட்ட பெண் யார் என்று தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது? உலை கொதித்து வழிகிறது, நீ என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். சரி, கேட்டுத் தொலை.

அப்போது நான் பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே போகிற வயது. சின்னமனூரில் பெரியப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா போர்டு தேர்தலில் அவர் நின்றார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று சட்டம். எதிராளி வீட்டு மருமகள்கள் எல்லாரும் படித்தவர்கள். எங்கள் வீட்டிலோ பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் தங்கள் பெயரைக்கூட எழுதத் தெரியாது. பொம்பளைக்குப் படிப்பு எதற்கு என்று அதுவரை சொல்லிவந்த பெரியப்பாவுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது.

மதியங்களில் இருவரும் சுளகில் ஏலக்காய் பிரிப்பார்கள். நல்ல பச்சை ஒரு பக்கம், வெளிறியது ஒரு பக்கம். அந்தச் சுளகிலேயே காய்களை வரிசை வைத்து 'அ' போட்டுக் காட்டினார் பெரியப்பா. வாசித்துப் பழக, வீடு நிறையக் கிடந்த தன் தேர்தல் நோட்டீசையே கொடுத்தார். அதிகாரி வந்து சோதித்தபோது இருவரும் தட்டுத் தடுமாறி வாசித்து, கையெழுத்தும் போட்டு, ஓட்டுரிமை வாங்கிவிட்டார்கள்.

பெரியப்பா சொல்லிக்கொடுத்தது நோட்டீசின் மேல்பாதிதான். மிச்சத்தைப் பெரியம்மா தானே எழுத்துக் கூட்டி வாசித்தாள். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை எடுத்துவிட்டு, வியாபாரிகள் சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்டித் தருவதாகக் கடைசி வரி சொன்னது. நான் படித்த பள்ளிக்கூடம் அது. பெரியம்மா அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். நானோ, ஒழிந்தது பள்ளிக்கூடம் என்று குஷியாக ஓர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டேன்.

பெரியம்மா மெதுவாகக் கேட்டபோது பெரியப்பா சிரித்தார். "பொட்டப்புள்ளைக வீட்டுல கெடந்தா காயாச்சும் பொறுக்கும்."

தேர்தலன்று பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் திரைமறைவுக்குள் நுழைந்தேன். பெரியப்பாவுக்குப் பச்சைப் பெட்டி, எதிராளிக்குச் சிவப்பு. பெரியம்மா நேராகப் போய்ச் சிவப்பில் போட்டாள்.

"பெரியம்மா, நம்ம பெட்டி பச்சையில்ல?"

"அப்படியா புள்ள? கண்ணு மங்கிப்போச்சு. வெளிய மூச்சு விட்றாத" என்று தொடையில் கிள்ளினாள்.

பெரியப்பா இரண்டே ஓட்டில் தோற்றார். வீட்டுப் பெண்கள் நிறம் தெரியாமல் பெட்டியை மாற்றியிருப்பார்கள் என்று அவரே முடிவு கட்டினார். வேறு காரணம் அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான். வெளிறிய காயை எட்ட இருந்தே பிடித்துவிடுகிற கண், அவ்வளவு பெரிய பெட்டியில் எப்படி ஏமாந்தது? பாவம் பார்த்து, சேலைக்காரர் வரும்போதெல்லாம் இது பச்சை, இது சிவப்பு என்று நெடுநாள் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவளும் முகம் மாறாமல் கேட்டுக்கொள்வாள். அவள் காப்பாற்றிக் கொடுத்த பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பது வேறு கதை.

தோல்விக்குத் துக்கம் விசாரிக்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பெரியம்மா பெருமூச்சு விட்டாள்.

"பச்சை எது செகப்பு எதுன்னு தெரியாத கழுதைகன்னு அவுக வையிறாக. வாஸ்தவந்தான தாயி, எங்களுக்குப் படிப்புப் பத்தல. பள்ளிக்கூடம் அங்கனயேதான இருக்கு, ஒங்க புள்ளைகளையாச்சும் அனுப்புங்க."