கடைமடைக்குத் தண்ணீர்

தையலம்மாள் தன் அப்பாவைக் கட்டிப்போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். கட்டிப்போடு என்று யோசனை சொன்னவர்கள் உண்டு, கயிறே கொண்டுவந்து கொடுத்தவர்களும் உண்டு. அந்தக் கயிற்றில் அவள் துணி காயப்போட்டாள்.

அப்பா குழந்தைவேல் பாகூர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். மதகைத் திறந்து, வாய்க்கால் வழியாக யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவர் வேலை. பிரெஞ்சுக்காரன் இருந்தபோதும் அவர்தான், போன பிறகும் அவர்தான், ஆக முப்பத்தொரு வருஷம். ஏரிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவன் வயிறு முட்டக் குடிப்பதும், வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருப்பவன் வானத்தைப் பார்ப்பதும் எந்த ஊரிலும் நடக்கிற அநியாயம். குழந்தைவேல் மட்டும் கடைமடை வரை நடந்துபோய், தண்ணீர் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் தட்டின் முன் உட்காருவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் எழுபதை நெருங்கும்போது புத்தி கலைந்தது.

முதலில் சாப்பிட்டதை மறந்தார். வயசானால் அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பிறகு என்றைக்கோ செத்துப்போன மனைவியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடினார். பிறகு, வேலையை விட்டதையே மறந்து, விடிந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மண்வெட்டியை ஒளித்து வைத்தால் வெறும் கையாலேயே மடையைப் பறித்துத் தண்ணீரைத் திருப்பினார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஒரே கேள்வி: கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா? ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பார். தையலம்மாள் முப்பது தடவை பொறுமையாகவும் பத்துத் தடவை எரிந்து விழுந்தும் பதில் சொல்வாள். நீ வேலையை விட்டு எட்டு வருஷமாகிறது அப்பா, அதெல்லாம் முடிந்துபோன சங்கதி என்பாள். உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஒருநாள் அவருக்கு விளங்கிவிடும் என்று நம்பினாள். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த நாலாம் நாள், அவர் கடைமடையில் சாமிநாதன் வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார். மறுநாள் அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்த வயல். கதிரெல்லாம் தண்ணீரில் சாய்ந்து, வடிப்பதற்குள் முளை விட்டுவிட்டது. முன்பும் இரண்டு முறை அதே வயலுக்குத்தான் திறந்திருந்தார். அப்போது பயிர் பச்சையாக இருந்ததால் பிழைத்தது.

சாமிநாதன் கத்துகிற ஆள் இல்லை. வாசலில் நின்றான், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "அடுத்த நடவுக்குள்ள அவர எங்கயாச்சும் கொண்டுபோயி வுட்டுடு தையலு. இல்லன்னா நான் டேஷனுக்குப் போவேன். என் வூட்லயும் புள்ளைங்க சாப்புடணும்," என்றான். அதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

புதுச்சேரியில் மில் வேலையிலிருந்த தம்பி அரங்கநாதன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு கோயிலை ஒட்டி, புத்தி கலைந்தவர்களை வைத்துப் பார்க்கிற இடம் இருக்கிறது, ஒரு மண்டலம் இருந்தால் தெளிந்துவிடும் என்றான். இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். நீளமான கீற்றுக் கொட்டகை, ஆளுக்கு ஒரு கம்பம், கணுக்காலில் சங்கிலி. அப்பாவின் வயதிருக்கும் ஒருவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய சங்கிலி தொட்டிக்கு ஒரு முழம் முன்னாலேயே முடிந்திருந்தது. தையலம்மாள் வெகு நேரம் அந்த ஒரு முழத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது பஸ்ஸில், இங்கே வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

இன்னொரு இடம் அவளோடு நடவுக்கு ஜோடி சேரும் மதலேனாள் சொன்னது. புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற முதியோர் இல்லம். மதலேனாளின் மாமியார் அங்கேதான் கடைசி மூன்று வருஷம் இருந்தாள், ஒரு படுக்கைப் புண் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். இதைக் கேட்டதும் அரங்கநாதன் குதித்தான். செத்தால் சிலுவை நட்டுப் புதைத்துவிடுவார்கள், ஊரில் தலை காட்ட முடியாது என்றான். தலை காட்டுகிறவன் மாதத்தில் பாதி நாள் வந்து அப்பாவுக்குக் கோவணம் மாற்றலாமே என்று அவள் கேட்டாள்.

அவள் தனியாகவே போனாள். வரிசையாக வெள்ளைக் கட்டில்கள், பினாயில் நாற்றம், உயரமான மதில், பூட்டிய கேட். மலையாளத்திலிருந்து வந்த ஒரு சிஸ்டர், தமிழைத் தடுக்கித் தடுக்கிப் பேசி, மூன்று விஷயம் கேட்டாள். மூத்திரம் அடக்குவாரா, கை நீட்டுவாரா, அவருக்கு என்ன பிடிக்கும். இத்தனை வருஷத்தில் அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் தையலம்மாளைக் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை. கட்டிப்போடுவீர்களா என்று அவள் கேட்டாள். கேட்டைப் பூட்டுவோம், அவ்வளவுதான் என்றாள் சிஸ்டர். எங்கு பார்த்தாலும் சிமெண்டுத் தரை. கொல்லைப்பக்கம் மட்டும் ஒரு குழாயடியில் கொஞ்சம் ஈர மண்ணும் இரண்டு வாழையும் இருந்தன. அந்த மண்ணைப் பார்த்துத்தான் சரி என்று சொன்னாள். சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முதல்நாள் பகலில் அவள் அவருடைய வேட்டிகளை மடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளைத் தன் மனைவி என்று நினைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் பேச ஆரம்பித்தார்.

"தையலு கல்யாணம் நிக்கக் கூடாதுன்னுதான்டி செஞ்சேன். ஒரே ஒரு முறைதான். சாமிநாதன் அப்பன் வரப்பு மேலயே நின்னு பாத்தான். ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தான்னா தேவலாம்."

அவள் கல்யாணத்து வருஷம் மழை பொய்த்த வருஷம். மாப்பிள்ளை பலராமன் வீட்டு நிலம் கடைமடைக்கு ஒரு வயல் முன்னால். விளைந்தால் தையில் கல்யாணம், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாமனார் சொல்லியிருந்தது அவளுக்குத் தெரியும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கடைமடைக்கு வர வேண்டிய தண்ணீர் முறையை அப்பா மாப்பிள்ளை வயலுக்குத் திருப்பினார் என்பது தெரியாது. அந்த வருஷம் சாமிநாதன் வீட்டில் வெறும் பதர்தான் வந்தது.

புருஷனிடம் கேட்டாள். தெரியும், எங்கப்பா சொன்னார் என்று பலராமன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். அவளுக்கு அவன் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த அருவருப்பு பெரிதாக இருந்தது. அந்த அறுப்பில் வந்த அரிசியைத்தான் கல்யாணப் பந்தியில் வடித்துக் கொட்டினார்கள்.

அன்று மாலையே சாமிநாதன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கப்பா உங்கள் வயலைக் கெடுக்கவில்லை, கொடுக்காமல் விட்டதைக் கொடுக்கத்தான் மூன்று முறையும் வந்திருக்கிறார் என்றாள்.

"அந்த வருஷம் நாங்க கிழங்கு வேவிச்சித் தின்னோம்," என்றான் சாமிநாதன். பிறகு, "இப்ப வந்து எதுக்கு சொல்ற? அவர வச்சிக்கன்னு நான் சொல்லணுமா?" என்றான்.

"இல்லண்ணே. உனக்குத் தெரியணும்னுதான்," என்றாள்.

அது பொய். வச்சிக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டானா என்றுதான் போயிருந்தாள். அவன் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்?

மறுநாள் பஸ்ஸில் அப்பா குழந்தை மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். இல்லத்துக்கு அரங்கநாதனும் வந்திருந்தான். வாசலில்தான் தகராறு. கேட்டைப் பார்த்ததும் அவளுடைய முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் இழுத்தும் வரவில்லை, அரங்கநாதன் அதட்டியும் வரவில்லை. அவர் கண்கள் மதிலுக்கு அப்பால் எங்கேயோ தேடின.

"கடமடைக்குப் போயி சேந்துச்சா?" என்றார்.

எட்டு வருஷமாகிறது அப்பா என்று வழக்கமான பதில் நாக்கு வரை வந்தது. அவளால் சொல்ல முடியவில்லை.

"சேந்துடுச்சிப்பா," என்றாள். "சாமிநாதன் நெலம் பூரா நெறஞ்சிடுச்சி. நான் பாத்துட்டுதான் வரேன்."

அவர் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். பிடித்த பிடி தளர்ந்தது. பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "அப்பன்னா செத்த நேரம் படுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, தானே உள்ளே நடந்துபோய், சிஸ்டர் காட்டிய கட்டிலில் படுத்து, கண்ணை மூடினார். இரண்டு வருஷமாகப் பகலில் கண் மூடாத மனுஷன் வாய் திறந்து குறட்டை விட்டார்.

இனி நீங்கள் போகலாம் என்றாள் சிஸ்டர். தையலம்மாள் வேட்டி மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். இந்த ஒரு வார்த்தையை இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவர் மண்வெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டாரே என்ற நினைப்பு அவளைப் போட்டு அறுத்தது. எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் தூங்கி எழுந்தால் மறந்துவிடுவார், அவள் வயலில் இருக்கும் நேரம் மறுபடி கிளம்பிவிடுவார், கடைமடையில் சாமிநாதன் மறுபடி நட்டிருப்பான்.

அவள் மூட்டையைக் கட்டிலடியில் வைத்தாள். சிஸ்டரைத் தனியாக அழைத்து, அப்பா எழுந்ததும் ஒரு கேள்வி கேட்பார், அதற்கு இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்றாள். சிஸ்டருக்குக் கடைமடை என்றால் என்னவென்று புரியவில்லை. புரியாவிட்டால் பரவாயில்லை என்று, சேந்துடுச்சி, சேந்துடுச்சி என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள். சிஸ்டர் தப்பில்லாமல் திருப்பிச் சொல்லும் வரை அவள் கேட்டைத் தாண்டவில்லை.