மேடாக நின்ற மூன்று கோடுகள்

மராட்டிப் பக்கம் போபோடியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி அக்கா வீடு. அக்காவின் கணவர், என் அத்தான், ஓய்வு பெற்ற பிறகு பிழை நாணயங்களைச் சேர்க்கத் தொடங்கினார். நாணயச் சாலையில் அச்சடிக்கும்போதே தவறிப்போனவை அவை. உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், அல்லது விளிம்பில் கடித்தாற்போல ஒரு வளைவு குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையோரம் பழைய நாணயம் விற்கும் ஒருவரிடம் வாங்கி வருவார். வாங்கியதும் எனக்குப் போன் வரும்.

"நீதான டெய்லி பள்ளம் மேடு பாத்து சம்பளம் வாங்குத. இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

நான் தளேகாவில், தகடுகளை அழுத்தி வண்டிகளுக்கான உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அத்தானுக்கு நான் சொன்னதெல்லாம் பெரும்பாலும் ஏமாற்றம்தான். தண்டவாளத்தில் நசுங்கியது, தீயில் கருகியது, யாரோ அரத்தால் ராவியது என்று பாதிக்கு மேல் வெறும் சேதம். சேதம் என்பது ஏற்கெனவே இருந்த உருவத்தைக் கெடுப்பது. எழுத்து நசுங்கும், உலோகம் ஓரத்துக்குப் பிதுங்கும். உண்மையான பிழையில் அது இருக்காது. உருவம் தவறான இடத்தில் விழுந்திருந்தாலும் விழுந்த வரையில் கூர்மையாக நிற்கும். இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே மனப்பாடம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் நான்கு இரண்டு ரூபாய் நாணயங்களைக் கொண்டுவந்தார். நான்கிலும் ஒரு பக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி, உள்ளே குழிந்து இருந்தன. முந்தைய நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்ததன் மேல் பதிந்தால் அப்படி வரும். மிக அபூர்வம். அத்தான் தேநீரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

லென்ஸில் பார்த்தேன். இடவலம் மாறிய எழுத்துகளுக்கு அடியில் பழைய உருவம் நசுங்கிப்போய் மங்கலாகத் தெரிந்தது. வெர்னியர் அளவியில் அளந்தால், நாணயம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அகன்றிருந்தது.

"இது மின்ட்ல நடந்த தப்பு இல்ல அத்தான். ரெண்டு காச ஒண்ணுமேல ஒண்ணு வச்சு, யாரோ பிரஸ்ல அமுக்கிருக்காவ."

நாணயங்களைத் திருப்பிப் பார்த்தேன். தட்டையாகிப்போன மறுபக்கத்தில், கோழிக்கால் தடம்போல மூன்று மெல்லிய கோடுகள். நான்கு நாணயங்களிலும் அதே இடைவெளியில். கீறல் என்றால் உள்ளே இறங்கியிருக்கும். இவை மேடாக நின்றன. அப்படியானால் கீறல் இருப்பது நாணயத்தில் அல்ல, அதை அழுத்திய இரும்புப் பலகையில்.

அந்த மூன்று கோடுகளை நான் அறிவேன். எங்கள் தொழிற்சாலையின் நான்காம் பிரஸின் அடிப்பலகையில் இருந்த கீறல் அது. அதன் தடம் பதிந்த உதிரிபாகங்களை ஒரு மாதமாகத் தள்ளிவிட்டு, பலகையைச் சாணை பிடிக்க அனுப்பும்படி எழுதிக்கொண்டிருந்தேன். அத்தானிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் லோக்கல் ரயிலில் கட்கியிலிருந்து தளேகாவ் போகும்வரை ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்த்த நினைவில்லை. அந்த பிரஸை ஓட்டியவர் என்னோடு மதியம் சாப்பிடுகிறவர். மராட்டிக்காரர், அமைதியானவர், தன் டப்பாவிலிருந்து ஜவ்வரிசி கிச்சடியை முதலில் எனக்குத்தான் வைப்பார். தனியே கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. ஷிப்ட் முடிந்து எல்லோரும் கைகழுவப் போகும் நேரத்தில் நாலைந்து காசுகளை அழுத்துவாராம். அத்தான் வாங்கும் அந்த நாணயக்காரர் அவருக்குத் தெரிந்தவராம், அவரிடம்தான் விற்பாராம்.

எனக்கு வேறொன்று உறுத்தியது. அந்த இயந்திரத்தில் இரண்டு பட்டன்கள் உண்டு, இரண்டையும் இரு கைகளால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வைத்த காசு நழுவாமல் எப்படி அழுத்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஏக் ஹாத் மே சிம்டா, மேடம். தோ பட்டன் கைஸே தபாவூம்?"

ஒரு கையில் இடுக்கி இருக்கும்போது இரண்டு பட்டன்களை எப்படி அழுத்துவதாம். இடது பட்டன் அழுந்தியே இருக்க அதில் ஒரு மரத்துண்டைச் செருகிவிடுவாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார். நிறுத்தாவிட்டால் மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்றேன். காதைத் தொட்டுச் சத்தியம் செய்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். நான் எழுதவில்லை.

அதன்பிறகு தினமும் அந்தப் பக்கம் போனால் பட்டனைப் பார்ப்பேன். மரத்துண்டு இல்லை. ஆனால் இயந்திரம் இறங்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த அளவுகோலை ஒரு கணம் நிறுத்திவிடுவேன். அடுத்த சத்தம் வந்தால்தான் மூச்சு வரும்.

பதினோராம் நாள் அவர் விடுப்பு. வேறு வரிசையிலிருந்து ஒருவரை அந்த பிரஸில் நிறுத்தினார்கள். காலை பத்தரை இருக்கும். ஒரு சத்தம் வந்தது, அடுத்தது வரவில்லை. பிறகு ஓடும் செருப்புகளின் ஒலி.

நான் போனபோது மாற்றாக நின்றவரைத் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். கையைத் துணியால் சுற்றியிருந்தார்கள். அவர் அழவில்லை, தன் பிளாஸ்டிக் கைக்கடிகாரம் எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது இடது பட்டனின் சுருள்வில் தளர்ந்து, உள்ளேயே சிக்கியிருந்தது. மாதக்கணக்கில் மரத்துண்டு செருகிச் செருகி அப்படி ஆகியிருந்தது. வலது பட்டனில் முழங்கை பட்டதும் பிரஸ் இறங்கிவிட்டது. நான் பார்த்த பத்து நாளும் மரத்துண்டு இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன், பட்டனை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன், விபத்துக்குப் பதினோரு நாள் முன்பே எனக்குத் தெரியும் என்பதையும். அந்தக் கடைசி வரியை எழுத வேண்டாம் என்று மேலாளர் மென்மையாகச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிச்சடி கொடுத்தவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அத்தானிடம் சொன்னதும் அவர் நாணயக்காரரிடம் போவதை விட்டுவிட்டார்.

அடிபட்டவருக்கு இப்போது தொழிற்சாலை ஸ்டோரில் வேலை. என் வாக்குமூலத்தை அவருக்கு யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். தினமும் காலையில் வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். ஒரே ஒரு முறை, ரசீதில் அவர் இடது கையால் தடுமாறிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: அந்தப் பதினோரு நாளில் ஒரு நாளாவது சொல்ல நினைத்தீர்களா? தினமும் நினைத்தேன் என்றேன். அவர் புத்தகத்திலிருந்து ரசீதைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.