குளத்துக்குப் போக ஒரு பட்டியல்

“…ரெண்டு கான் காணாது, தங்கச்சி. குடிதண்ணி நாலு கான் எண்டு எழுதுங்கோ. காத்து மாறினா எப்பக் கரை சேருவமெண்டு ஆர் கண்டது?” என்றார் பக்கத்து அறைக்காரர்.

பென்சிலைப் பிடித்திருந்த என் கை நின்றுவிட்டது. நாங்கள் போகத் திட்டமிட்டது கடலுக்கில்லை, கந்தளாய்க் குளத்துக்கு.

அவர் சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்த கடல்தொழிலாளி. சண்டையால் கடலில் இறங்கத் தடை விழுந்ததும் வள்ளத்தை மணலில் கவிழ்த்துவிட்டு, மனைவி பிள்ளைகளோடு பாலையூற்றில் நானிருந்த வளவுக்கே வாடகைக்கு வந்தார். வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடிதான் இருப்பார். “ஓம்”, “வேண்டாம்” என்ற இரண்டு சொல்லோடு எட்டு மாதம் ஓடியிருந்தது.

குளத்து யோசனை அவர் மனைவியுடையது. “கடலில விடுறாங்களில்லை. குளத்திலயாவது இவரை ஒருக்கா வள்ளத்தில ஏத்திப் பாப்பம், அக்கா. இப்படியே விட்டா சுவரோட சுவராப் போயிடுவார்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் குடும்பத்துக்கும் என் குடும்பத்துக்குமாக வாடகைக்கு ஒரு வான் வண்டி. அங்கே தோணியும் ஆளும் மணிக்கு இவ்வளவு என்று பிடிக்கலாமாம். சோற்றுப் பார்சல், பாய், பிள்ளைகளுக்குப் பந்து என்று எழுதிக்கொண்டு போனேன். எனக்கும் அதில் பெரிய ஆசை இருந்ததில்லை. அந்த நாட்களில் சந்தோஷமும் வராது, பயமும் வராது. கை வேலை செய்யும், வாய் கதைக்கும், அவ்வளவுதான்.

“கேட்டீங்களே, அக்கா? குளத்துக்கு நடுவில இருந்துகொண்டு தண்ணிக்குத் தவிக்கப்போறாராம்!” என்று அவள் வெடித்துச் சிரித்தாள். பிள்ளைகள் உருண்டார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த மனிதர் இவ்வளவு நீளமாக ஒரு கதை கதைத்திருக்கிறார், அதையும் நாங்கள் சிரித்துக் கெடுத்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“இஞ்சாருங்கோ, பகிடிக்குச் சொன்னனான். நாலு கானும் கொண்டுபோவம். நாங்களோ சுமக்கிறம், வான்தானே?”

அவர் முகம் சுவரை விட்டுத் திரும்பவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். அவர் வராவிட்டால் இந்தப் பயணமே அவளுக்குத் தேவையில்லை.

வான்காரர் பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார். சோதனைச் சாவடிகளில் காட்டுவதற்கு, போகிற பெரியாட்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாருடையதும் எழுதியாயிற்று. அவர் பெயருக்கு நேரே மட்டும் வெறுமையாக இருந்தது.

“அண்ணை, உங்கட இலக்கம்? இல்லாட்டிப் பேரை வெட்டிவிடட்டோ?” என்று கேட்டேன். ஏதோ சோற்றுப் பார்சலைக் குறைக்கட்டுமா என்று கேட்பதுபோலத்தான் என் குரல் வந்தது.

அவர் எழுந்து உள்ளே போனார். பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. அட்டையைக் கொண்டுவந்து என் தாளின் மேல் வைத்து, இலக்கம் என் பக்கம் தெரியும்படி விரலால் திருப்பிவிட்டு, போய்ப் பழையபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.