கார்களுக்கு வயது சொன்ன பல் டாக்டர்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குப் போன் வந்தது. பீர்க்கன்கரணை சரோஜா தெருமுனை பூத்திலிருந்து சத்தமாகப் பேசினார்.

"சார், டாக்டரம்மா பூட்டாங்க சார்."

"எந்த ஊருக்கு?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் திருநெல்வேலிக்கு, தம்பி வீட்டுக்குப் போவதாகச் சில வாரங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஊருக்கா? இன்னா சார் நீ... தூக்கத்துலயே பூட்டாங்க."

டாக்டர் எஸ்தர் ஞானமணி மறைந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு மாடி அறையில் பல் வைத்தியம் பார்த்தவர். தனியாக வாழ்ந்தவர். பெருங்களத்தூரிலிருந்து மின்சார ரயிலில் வருவார். கார் வைத்திருந்ததில்லை, ஓட்டவும் தெரியாது. ஆனால் பழைய போட்டோ ஒன்றின் ஓரத்தில் கார் தெரிந்தால் போதும், அது எந்தக் காலத்து வண்டி என்று சொல்லிவிடுவார்.

எண்பதுகளின் நடுவில் கடைவாய்ப் பல் வலியோடு அவரிடம் போனேன். மேசைக் கண்ணாடிக்கு அடியில் கூரையில்லாத பழைய கார்களின் படங்கள் இருந்தன. எப்படி இந்த ஆர்வம் என்று கேட்டேன்.

"பல்லைப் பார்த்து வயசு சொல்றேன் இல்லையா? இதுவும் அதேதான். முன்னாடி பித்தளை ரேடியேட்டரா, சக்கரத்துல மரக்கட்டையா கம்பியா, விளக்கு கார்பைடா கரண்டா... வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்லை, ஊசியைப் பார்த்து அழாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

எங்கள் பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினேன். அதன் பிறகு பல் வலி இல்லாதவர்களும் மாடியேறத் தொடங்கினார்கள். படப்பையிலிருந்து ஒரு நிலக்காரர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தாத்தா அமர்ந்திருக்கும் படத்தைக் கொண்டு வந்தார். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"தாத்தா ரொம்ப அழகா இருக்கார். ஆனா வண்டிக்குக் கீழே அவரோட ரெண்டு காலும் தெரியுதே."

அது ஸ்டுடியோவில் பலகையில் வரைந்து வைத்த கார்.

"இன்னா டாக்டரம்மா இப்படிச் சொல்லிட்ட? ஊரு பூரா சொல்லி வெச்சுகினு கீறோமே, பேஜாராப் போச்சே!"

"தாராளமாச் சொல்லுங்க. யாராவது வண்டி நம்பர் கேட்டா மட்டும் பேச்சை மாத்திடுங்க" என்றார் டாக்டர்.

சரோஜாவும் அவருடைய அக்கா ராஜம்மாவும் வந்த நாளன்று நான் வாயில் பஞ்சோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். ஒரே தெருவில் வீடு. பேச்சு நின்று பல காலம். பெஞ்சின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் அவர்கள் அம்மாவின் ஒரே படம், சட்டம் போட்டது. படத்தில், ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வந்த யாரோ ஒருவரின் கார். அதன் பக்கத்தில் இடுப்பில் கைக்குழந்தையோடு அம்மா.

குழந்தை யார் என்பதுதான் வழக்கு.

சரோஜா பிறந்த சில மாதங்களில் அம்மா இறந்துவிட்டார். தாயை முழுங்கினவள் என்று சொல்லிச் சொல்லியே அவரை வளர்த்தார்கள். பெற்றவள் அவரைத் தூக்கக்கூட இல்லை என்றும் சொன்னார்கள்.

"என்ன ஒரு வாட்டியாவது தூக்கிச்சா, அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார் சரோஜா.

"பழைய காரு. அப்போ இடுப்புல மூத்தவ நான்தானே?" என்றார் ராஜம்மா.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "கார் பழசுதான். ராஜம்மா பிறக்கறதுக்கும் முந்தினது. ஆனா காரோட வயசு போட்டோவோட வயசு ஆகாதும்மா. பல்லு பழசா இருக்கலாம், அதை அடைச்சது எப்பன்னு பார்க்கணும்."

முன்கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்தார். திரும்பும் பக்கத்தைக் காட்ட நீட்டும் சிறு கை ஒன்று, ரயில்வே கைகாட்டி போல, அங்கே பொருத்தப்பட்டிருந்தது. வண்டியோடு வந்ததல்ல; பிறகு வாங்கி மாட்டியது. அந்தச் சாமான் முப்பதுகளில்தான் இங்கே வந்தது, அதற்குள் ராஜம்மாவுக்கு நாலைந்து வயது ஆகியிருக்கும் என்று டாக்டர் விளக்கினார்.

"இடுப்புல இருக்கறது சரோஜாதான்."

சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜம்மா சுவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ நான் எங்க?"

டாக்டர் மறுபடியும் பூதக்கண்ணாடியை எடுத்தார். அம்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில், ஃபுட்போர்டை ஒட்டி, புகை போல ஒரு கலங்கல் இருந்தது.

"படம் எடுக்கும்போது அசைஞ்ச குழந்தை மாதிரி தெரியுது. நீங்கதான்னு என்னால சொல்ல முடியாது."

"நானேதான்! ஒரு எடத்துல நிக்க மாட்டேன்னு அத்த திட்டும்."

"இப்போ மட்டும் நிக்கிறியாக்கும்" என்றார் சரோஜா.

பல வருடங்களுக்குப் பிறகு அக்காவிடம் அவர் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. ராஜம்மா படத்தைத் தங்கை பக்கம் நகர்த்தினார். "உன் வூட்டுல மாட்டிக்கோ."

"ஒங்கிட்டயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்."

பார்க்கப் போனவர் கொஞ்ச நாளில் அங்கேயே தங்கிவிட்டார்.

அவர்கள் இறங்கிப் போன பிறகு டாக்டர் என்னிடம், "அந்தக் கலங்கலை நாய்னு சொன்னாலும் மறுக்க முடியாது சார். எனக்கு அது குழந்தையாத்தான் தெரிஞ்சுது. அதனாலதான் சொன்னேன்" என்றார். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்வது எங்கள் தொழிலிலும் எளிதல்ல.

புதன்கிழமை மாலை கல்லறைத் தோட்டத்தில் போதகர் ஜெபத்தை முடித்ததும் எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். சகோதரிகள் இருவரும் கைகோத்து வந்தார்கள். ராஜம்மா குழிக்குள் குனிந்தார்.

"டாக்டரம்மா, அங்க எங்கம்மாவப் பாத்தா, ரெண்டு பொண்ணுங்களும் ஒரே வூட்லதான் கீறாங்கன்னு சொல்லு."

"உங்க அம்மாவை அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று பின்னால் நின்றிருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

சரோஜா திரும்பாமலே சொன்னார்: "போட்டோவுல பாத்துக்கீறாங்க இல்ல? கண்டுபுடிச்சிருவாங்க."

கண்டுபிடித்துவிடுவீர்கள், டாக்டர். ராஜம்மா சொல்லி அனுப்பியதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.