அறுகம்புல் நேர்த்தி

மேனகாவைப் போல ஒரு பக்தை கிடையாது என்று எங்கள் ஃபிளட்ஸில் அத்தனை பேரும் நம்பினார்கள். செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போவாள். வரும்போது, சுவாமிக்குச் சாத்திக் கழற்றிய அறுகம்புல் மாலைகளை ஒரு பை நிறையக் கொண்டுவருவாள். அந்த மாலைகள் எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் எதிர்க் கதவு. அவை நேரே பல்கனிக்குப் போய் இரண்டு முயல்களின் வயிற்றுக்குள் இறங்கின.

மேனகா கோண்டாவில் பெண். ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். சுவிசில் இருக்கும் வினோதன் விடுமுறைக்கு வந்து, தாலி கட்டி, விடுமுறை முடியத் திரும்பிப் போய்விட்டான். எம்பசி கொழும்பில் இருக்கிறது, கூப்பிட்டால் உடனே போய் நிற்கவேண்டும் என்று சொல்லி, அவளை மாமியார் ஜெகதீஸ்வரியோடு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் கொண்டுவந்து இருத்தினார்கள். ஆசிரியர் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இங்கே வேறு வேலை தேடவும் விடவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ விசா வந்துவிடுமே, பிறகு எதற்கு வேலை என்றார்கள். அடுக்கிய சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அதற்குள் இருந்த குளிர்ச் சட்டையைப் பூச்சி அரித்து, புதிதாக ஒன்று வாங்கி வைத்தார்கள். வருடங்கள் ஓடின. இந்த ‘இன்றைக்கோ நாளைக்கோ’வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வினோதன் கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவனாக இருந்தால் அவனைத் திட்டியாவது ஆறலாம். ஒவ்வொரு நாளும் போன் எடுப்பான், “சாப்பிட்டியா?” என்று கேட்பான், “அம்மாவைப் பார்த்துக்கொள்” என்பான். அவளும் சாப்பிட்டதாகச் சொல்லுவாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு சேர்ந்து இருந்த சில கிழமைகளில் அவனுக்குத் தேத்தண்ணீருக்கு எவ்வளவு சீனி என்று தெரிந்துகொண்டாள், வேறு பெரிதாக எதுவும் தெரியாது என்று என்னிடம் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்த வெறுமையில்தான் முயல்கள் வந்தன. தெஹிவளைப் பக்கம் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடையொன்றில் வாங்கினாள். வெள்ளைக்குச் சீனி என்று பெயர், சாம்பல் நிறத்துக்குச் சாம்பல் என்றே பெயர். இரண்டும் பெட்டை என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினாராம். விஞ்ஞானம் படிப்பித்தவளிடமா? வீட்டுக்கு வந்து மடியில் மல்லாத்திப் பார்த்தவள் சாம்பல் கடுவன் என்று கண்டுபிடித்து, அன்றைக்கே கூட்டுக்கு நடுவே கம்பிவலைத் தடுப்பு ஒன்று போட்டுவிட்டாள். விட்டால் பல்கனியில் நிற்க இடம் இருக்காது என்றாள்.

மாமி கூட்டைப் பார்த்து, “பாவம், புருசன் பெண்சாதியை இப்பிடிப் பிரிச்சு வைச்சிருக்கிறியே, பிள்ளை” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யாருக்குச் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. மேனகா சிரித்தாள். நானும் அங்கேதான் நின்றேன். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், நிறுத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். மாமி அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுப்பைப் பற்றவே வைத்திருக்கவில்லை.

கூட்டுக்குள் முயல், வீட்டுக்குள் மேனகா என்று நீங்கள் சொல்ல முதல் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஒப்பீடு சரியில்லை. முயல்களைக் கவனிக்க ஆள் இருந்தது. கடற்காற்றில் கம்பிவலை ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துவிடும். அவள் துருவைச் சுரண்டி, உக்கின இடங்களை வெட்டிப் புதுவலை கட்டுவாள். கம்பியில் நின்றால் முயலின் பாதம் புண்ணாகும் என்று அடியில் பலகை போட்டாள். சித்திரை வெயிலில் போத்தலில் தண்ணீரை உறையவைத்து, சீலையில் சுற்றி உள்ளே வைப்பாள். இரண்டும் அதில் சாய்ந்து படுத்திருக்கும். பல் வளர்ந்துகொண்டே போகும், கொறிக்க ஏதாவது வேண்டுமென்று கொய்யாக் கொப்புத் தேடி இந்த வெள்ளவத்தையில் அலைவாள். காகம் கொத்தாமல் இருக்க ஒரு பக்கம் சாக்கு. காதில் பிடித்துத் தூக்க யாரையும் விடமாட்டாள். ஆரம்பத்தில் கடற்கரை ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் சீனி பயந்து பின்னங்காலால் பலகையில் ஓங்கி அடிக்கும். பிறகு பழகிவிட்டது. “எல்லாம் பழகிடும், அக்கா” என்றாள் மேனகா. அவள் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

முயலுக்கு முக்கியமான சாப்பாடு புல். நாலாம் மாடியில், காலி வீதி என்ற பெருந்தெருவுக்கும் கடலுக்கும் இடையில், புல்லுக்கு எங்கே போவது? சந்தையில் கங்குன் கீரையும் கரட் இலையும் கிடைக்கும். கீரைக்காரர் அவளைக் கண்டதும் “நங்கி, ஹாவாட்டத?” என்று சிங்களத்தில், தங்கச்சி, முயலுக்குத்தானே என்று கேட்டு, ஒரு கட்டு எடுத்து நீட்டுவார். ஆனால் கீரை மட்டும் கொடுத்தால் வயிறு கெடும். அப்போதுதான் கோயிலில், கழற்றிய அறுகம்புல் மாலைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போகிறவரைக் கண்டாள். கேட்டாள், கொடுத்தார். பூவைப் பிய்த்துப்போட்டு, நாரை உருவி எடுத்து, புல்லைக் கழுவிப் போட்டால் இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடும்.

வினை அங்கேதான் தொடங்கியது. எங்கள் கட்டடத்துப் பெண்கள் அவள் பையைக் கண்டார்கள். செவ்வாய், வெள்ளி, அறுகம்புல்: வேறு என்ன, விசாவுக்குப் பிள்ளையாரிடம் வைத்த நேர்த்தி! மாமியிடம் சொன்னார்கள். மாமி மகனிடம் சொன்னார். மகன் சுவிசில் இருக்கும் சொந்தக்காரருக்கெல்லாம் சொன்னான். லண்டனில் இருந்து வந்த ஒரு பெரியம்மா லிஃப்டுக்குள்ளேயே அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். அந்த நேரம் பைக்குள் மாலைக்கு மேலே கரட் இலையும் இருந்தது.

“உண்மையைச் சொல்லிவிடேன்” என்றேன்.

“எப்பிடியக்கா சொல்லுறது? முயலுக்கு எண்டு சொன்னா, அப்ப விசாவுக்கு நீ ஒண்டும் செய்யேல்லையோ எண்டு கேப்பினம்.”

அது சரிதான். வாயைத் திறக்காமலே மாட்டிக்கொண்ட ஒருத்தியை அப்போதுதான் பார்த்தேன். அதோடு விட்டார்களா? நேர்த்தி என்றால் விரதம் வேண்டாமா என்று மாதா மாதம் சதுர்த்தி விரதமும் அவள் தலையில் விழுந்தது. பிடித்தாள். பல்கனியில் முயல்கள் பிள்ளையாரின் மாலையை மென்றுகொண்டிருக்க, இவள் வெறும் வயிற்றோடு கூட்டைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் கேட்டேன், விசா வரவேண்டும் என்று உண்மையாகவே ஆசையா என்று. கூட்டுக்குள் கையை விட்டுச் சீனியின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“இங்க காத்துக்கொண்டெண்டாலும் இருக்கிறன். அங்க போனா அதுவும் இல்லை. இதுதான் எண்டு முடிஞ்சிடும். எனக்கு வரவேண்டாம், அக்கா.”

“அப்ப ஊருக்குப் போ.”

“போய்? ஏன் வந்தனி எண்டு கேக்காத ஒரு வாசல் சொல்லுங்கோ.”

எனக்கு ஒரு வாசலும் தெரியவில்லை. என் வீட்டுக் கதவைக் காட்டியிருக்கலாம், ஆனால் அதுவும் அந்த வீட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது.

விசா வந்தது. ஒரு மத்தியானம் போன் வந்தது, அவ்வளவுதான். கட்டடம் முழுக்க ஒரே பேச்சு: பிள்ளையார் கைவிடவில்லை, அந்தப் பிள்ளை பிடித்த விரதம் வீண்போகவில்லை. மாமி மோதகம் அவித்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். என் கதவடிக்கும் வந்தார். வழக்கமாக உள்ளே வந்து இருந்து, வேலைக்காரி முதல் விலைவாசி வரைக்கும் அலசிவிட்டுத்தான் போவார். அன்றைக்குத் தட்டை நீட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிட்டார். மோதகத்துக்குள் சர்க்கரை போட மறந்திருந்தார்.

முயல்களை நான் எடுப்பதாக முடிவாயிற்று. எனக்கும் மிருகங்களுக்கும் ஒத்துவராது. ஆனாலும் ஓம் என்றேன். அவள் கேட்ட விதத்தில் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. பலகையை எப்படிக் கழுவுவது, நகத்தில் எதுவரை வெட்டலாம், எந்தக் கீரை ஆகாது என்று சொல்லிக்கொடுத்தாள். சொன்னதையே திரும்பவும் சொன்னாள். “சாம்பலுக்கு நெற்றி தடவினாத்தான் நித்திரை வரும்” என்று கடைசியாகச் சொன்னாள். நான் அதையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கூட்டைத் தூக்கப் போனேன். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மேனகா. பல்கனிக் கதவை அடைத்துக்கொண்டு மாமி நின்றார்.

“கூடு எங்க போகுது?”

“அக்கா வீட்டை, மாமி. நேற்றே சொன்னனான்.”

“நான் ஓம் எண்டு சொன்னனானே?”

“மணம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதெண்டு நீங்கள்தானே சொல்லுவியள்.”

“அதுகள் இங்கயே இருக்கட்டும். நான் பார்க்கிறன். செவ்வாய் வெள்ளி மாலையை எடுத்துக்கொண்டு வந்தாச் சரிதானே.”

மேனகா கூட்டை மெல்லக் கீழே வைத்தாள். நானும் வைத்தேன். வேறு வழி இருக்கவில்லை, ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது.

“உங்களுக்குத் தெரியுமே, மாமி?”

“பல்கனி நிறையப் புல்லும் நாருமாக் கிடக்கு. எனக்கென்ன கண் குருடே? முதல் கிழமையே தெரியும்.”

“பிறகேன் ஊருக்கெல்லாம் நேர்த்தி எண்டு சொன்னனீங்கள்? என்னை ஏன் விரதம் பிடிக்க வைச்சனீங்கள்?” மேனகா இதுவரை மாமியிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. “எத்தினை மாசம் பட்டினி கிடந்தனான்!”

மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அங்கே நிற்பதா போவதா என்று தெரியவில்லை. போவதென்றால் அவரைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

“நீ விசாவுக்கு விரதம் பிடிச்சா, நான் கோயிலுக்குப் போறதும் அதுக்குத்தான் எண்டு சனம் நினைக்கும். அதாலதான் உன்னைப் பிடிக்க வைச்சனான். நேர்த்தி வைச்சது நான், பிள்ளை. உனக்கு விசா வரக்கூடாதெண்டு வைச்சனான்.” சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார், பிறகு எடுத்தார். “பெத்த மகன் அங்க தனிய இருக்கிறான். தாய் கேக்கிற வரமே இது? கேட்டனான். நீ போனா இந்த வீட்டில நான் ஆரோட கதைக்கிறது?”

மேனகா அவரையே பார்த்தாள். கோபம் எப்படி ஒரு முகத்தை விட்டு இறங்கும் என்று அன்றைக்குக் கண்டேன்.

“நானும் அதைத்தான் கேட்டனான், மாமி” என்றாள்.

இரண்டு பேரும் ஒரே பிள்ளையாரிடம், ஒரே வரத்தை, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதை இவ்வளவு காலமும் ஒரு தேத்தண்ணீர் குடிக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா? “அப்ப போகாமல் விடட்டுமே, அன்ரி! நீங்கள் ஒரு வார்த்தை வினோதனுக்குச் சொல்லுங்கோ” என்றேன்.

மாமி என்னை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வினோதன், வீடியோவில். மாமி தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு எடுத்தார்.

“அம்மா, பிள்ளையாருக்குப் பொங்கல் வைச்சிட்டியளே?”

“வைப்பம், மோனை.”

“மேனகா சந்தோசமா இருக்கிறாளே?”

“ஓம் மோனை, சந்தோசம்தான். இந்தா, கதை.”

போன் கை மாறியது. “சாப்பிட்டியா?” என்று அவன் கேட்டான். அவள் சிரித்தபடி, சாப்பிட்டதாகச் சொன்னாள்.

மேனகா போய்விட்டாள். கட்டடமே கீழே இறங்கி வந்து, அவளை ஏற்றிப்போன வானுக்குக் கைகாட்டியது. மாமி மட்டும் இறங்கவில்லை, முழங்கால் வலி என்றார். நான் மேலே வந்தபோது பல்கனியில் கூட்டுக்கு முன்னால் அந்த முழங்காலை மடித்து இருந்துகொண்டு, சாம்பலின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் அந்தப் பையோடு வருவது மாமி. போன கிழமை நானும் லிஃப்டுக்குள் இருந்தேன். கூட வந்த ஒரு பெண் அறுகம்புல்லைக் கண்டுவிட்டு, “அன்ரி, மருமகளைத்தான் பிள்ளையார் அனுப்பிவைச்சிட்டாரே, இப்ப ஆருக்கு நேர்த்தி?” என்று கேட்டாள். மாமி பதில் தேடுவதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். “ஓ, பேரப்பிள்ளைக்கோ? நல்லது, நல்லது. கெதியில கிடைக்கும்.”

மாமி திருத்தவில்லை. நானும்தான். லிஃப்ட் நாலாம் மாடியில் நின்றதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்.

இன்று பின்னேரம் மேனகா எனக்குப் போன் எடுத்தாள். முயல்களை விசாரித்தாள், மாமியின் முழங்காலை விசாரித்தாள். பிறகு, பேரப்பிள்ளைக்கு நேர்த்தி என்று யாரோ சுவிசுக்குச் சொல்லிவிட்டார்களாம், அங்கே சொந்தக்காரர் எல்லாருக்கும் பெரிய சந்தோசமாம் என்றாள். இன்றைக்குச் சதுர்த்தி. தான் இன்னும் சாப்பிடவில்லை என்றாள்.