கிரிவலப் பாதையில் ஒரு போதகரின் ஜெபம்

பௌர்ணமி இல்லாத ஒரு வியாழக்கிழமையாகப் பார்த்துத்தான் திருவண்ணாமலைக்குக் கிளம்பினேன். நான் வேலூர்ப் பக்கம் ஒரு சிறிய சபையின் போதகர். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் அறிவிப்பு வாசிப்போம், ஓலை என்போம். அந்த ஞாயிறு வாசிக்க வேண்டிய முதல் ஓலையில் பெண், எங்கள் சபைச் செயலாளரின் மகள் ரூபா. பையன் சாமுவேல், திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக்காரன். இருவரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். சாதி வேறு.

"கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க பாஸ்டரம்மா" என்றார் செயலாளர். ஞானம் கேட்டு ஜெபிக்கப் போகிறேன், அப்படியே பையனின் அம்மாவையும் பார்க்கப் போகிறேன் என்றேன். "ஜெபம் பண்ண அந்த ஊர்தான் கெடச்சுதா?" என்றார். அந்த ஊர்தான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரர் என் கையிலிருந்த பைபிளைப் பார்த்தார். "கிரிவலமா மேடம்? நீங்க கிறிஸ்டின்தானே?"

"ஆமாங்க. நடந்துகிட்டே ஜெபம் பண்ணப் போறேன்."

"நடங்க, நடங்க. வெயில் ஜாஸ்தி, செருப்ப மட்டும் கழட்டாதீங்க."

கிரிவலப் பாதை மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். அடி அண்ணாமலை ஏறக்குறையப் பாதி வழி. ஆண்டவரே, யாருக்கும் கோபம் வராத ஒரு வழியைக் காட்டும் என்றுதான் அதுவரை ஜெபித்துக்கொண்டு போனேன்.

சாமுவேலின் அம்மா எஸ்தர் அங்கே டீக்கடை வைத்திருக்கிறார். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். சிரிக்கவில்லை.

"ஓலை வாசிப்பீங்களா, மாட்டீங்களா?"

"தள்ளிப் போடச் சொல்றாரும்மா."

"ஏன்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவே இல்லை. காரணம்தான் எல்லோருக்கும் தெரியுமே. தெரிந்ததை வாயால் சொல்ல வைக்காமல் நாங்கள் இத்தனை காலம் செயலாளரைக் காப்பாற்றி வந்திருக்கிறோம். மீதி வழியில் ஜெபத்தை மாற்றினேன். ஆண்டவரே, எனக்குத் தைரியம் தாரும். அவர் வாயைத் திறக்கட்டும்.

பாதை முடிவதற்குள் செயலாளரே போன் செய்தார். "நீங்க வாசிச்சா நாங்க எழுந்து போயிடுவோம்."

"கதவு திறந்துதாங்க இருக்கும். போறதுக்கும் வர்றதுக்கும்."

ஞாயிறு ஓலை வாசித்தேன். ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்றேன். செயலாளர் எழுந்தார்.

"எனக்கு ஆட்சேபணை இருக்குது."

"காரணத்தச் சொல்லுங்கய்யா. சபை முன்னால சொல்லுங்க."

பெண்கள் வரிசையில் ரூபா எழுந்து நின்று அப்பாவையே பார்த்தாள். அவர் வாய் திறந்தது, சொல் வரவில்லை. குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டு வெளியேறினார். அவர் சொந்தக்காரர்களில் சிலரும் போனார்கள். காரணம் சொல்லாததால் ஆட்சேபம் இல்லை என்று சபைக்கு அறிவித்துவிட்டு அடுத்த பாட்டைப் பாடச் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிருங்கள், கூட்டத்தில் ஜெபிக்க முடியாது. விடியற்காலையில் தொடங்குங்கள், தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். நீங்களும் ஒரு சபையை நடத்துபவர் என்றால், ஞானம் கேட்கும்போது சமாதானத்தையும் சேர்த்துக் கேட்காதீர்கள். இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை.

இன்னும் இரண்டு ஓலை பாக்கி இருக்கிறது. இரண்டையும் வாசிப்பேன்.